பூஞ்சை பிடித்த பேய்

சங்கரன்கோவில்
9.2.2025

அன்புள்ள சங்கரி அக்காவுக்கு,

தம்பி மருதப்பன் எழுதுவது. இங்கே நானும் பொன்மணியும் என் சர்க்கரையும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் ஓடுகிற ரயிலில்தான் ஏறுகிறாரா, இல்லை வயசை ஒத்துக்கொண்டுவிட்டாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போன் பொன்மணி கையில். உன் போனை உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் உன்னிடம் தருகிறாள். இது ஸ்பீக்கரில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயசு, உதவிபெறும் பள்ளியில் தலைமை எழுத்தர், திருநீறு இல்லாமல் தெருவில் இறங்காதவன் என்றெல்லாம் நீ நினைத்துக்கொண்டிருக்கிற உன் தம்பி, பேய்ப்பட வீடியோ கேசட் சேர்க்கிறவன். மொத்தம் நூற்றுப் பதினேழு. தியேட்டர் வாசலையே பார்க்காமல், வீடியோ கடையில் பிறந்து வீடியோ கடையிலேயே செத்துப்போன மூன்றாந்தரப் படங்கள். பதினெட்டு வருஷமாகப் பரணில், பொங்கல் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இந்தப் பொங்கலுக்குப் பானை எடுக்க ஏறிய பொன்மணியின் தலையில் ஒரு பெட்டி விழுந்தது. அட்டையில் ஈரச் சேலையோடு ஒரு பெண், அவள் கழுத்துப் பக்கத்தில் ஒரு பல்.

பஞ்சாயத்துக்கு ராஜபாளையத்திலிருந்து மச்சினர் பாண்டியராஜ் பஸ் பிடித்து வந்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இதெல்லாம் என்ன அத்தான்?” என்றார். “நான் பேய்க்காகத்தான் பார்க்கேன் மாப்ள” என்றேன். சத்தியமான வார்த்தை. எவனும் நம்பமாட்டான். மச்சினரும் நம்பவில்லை. ஆனால் போகும்போது இரண்டு கேசட் இரவல் கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ‘மண்டையோட்டு மோகனா’ என்று ஒரு படம். 1989. நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கடை வைத்திருந்த மன்சூர் அலி, அவரே துணிந்து எடுத்தது. இருபது கேசட் போட்டாராம். இன்று மிச்சமிருப்பது ஒன்று. அது என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. நாகர்கோவிலில் பிரின்ஸ் என்று ஒருவர் இப்படிப்பட்ட படங்களைத் தேடிக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திரையிட்டு வருகிறார். பூஞ்சையோடு போட்டால் மெஷின் போய்விடும், சுத்தம் பண்ணிக் கொண்டுவந்தால் ஆகஸ்டில் சங்கரன்கோவிலிலேயே திரை கட்டிக் காட்டுவோம் என்கிறார். பண்ண முடியாவிட்டால், மோகனா என்று ஒரு பேய் இருந்ததற்கு உலகத்தில் சாட்சியே கிடையாது.

படத்தை எடுத்தது பனவடலிசத்திரத்தில், நம் தோட்டத்துக் கிணற்றிலாம்! நான் அப்போது சிவகிரி ஹாஸ்டலில். நீ வீட்டில்தானே இருந்தாய், ஷூட்டிங் பார்த்தாயா?

பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

உன் தம்பி,
மருதப்பன்

*

தாராவி, மும்பை
4.3.2025

மருதுக்கு அக்காவின் ஆசி.

கடிதம் கிடைத்தது. தபால்காரரிடம் வாங்கியதே மருமகள்தான். ஆகவே ஸ்பீக்கரைப் பற்றி இனிமேல் எழுதாதே. தங்கமான பிள்ளை, காதுதான் கொஞ்சம் நீளம். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. அத்தான் ஓடி ஏறுவதை விட்டுவிட்டார், இப்போது ஓடி இறங்குகிறார்.

நூற்றுப் பதினேழா! ஏலே, ஒனக்கு வெக்கமா இல்லையா? பொன்மணி இடத்தில் நான் இருந்தால் பெட்டி உன் தலையில் விழுந்திருக்கும். காலையில் வெந்தயம் ஊற வைத்துக் குடி. இனிப்பைத் தொடாதே. பூஞ்சை பிடித்ததையெல்லாம் வீட்டுக்குள் வைக்காதே, பொன்மணிக்கு இழுப்பு உண்டு. அந்தக் கேசட்டைத் தூக்கிக் குப்பையில் போடு.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அக்கா,
சங்கரேஸ்வரி

*

சங்கரன்கோவில்
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெந்தயம் குடிக்கிறேன்; வாய் மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கிறது.

வெயில், இழுப்பு, மருமகள் காது என்று எல்லாம் எழுதிவிட்டாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. பரவாயில்லை, மறந்திருப்பாய்.

கேசட் கிடைத்த கதையைக் கேள். மன்சூர் அலி மௌத்தாகி ஆறு வருஷம். அவர் மனைவி ஜுலைகா பீவியைத் தேடிப் போனேன். “பேய்ப் படமா? கட்டில்ல இருக்கு” என்றார். நான் கட்டில் மேலே பார்த்தேன். “மேல இல்ல வாப்பா, கீழ. கால் ஒண்ணு ஆடுதுன்னு முட்டுக் குடுத்திருக்கேன். நீ எடுத்துட்டுப் போனா நான் உருண்டு விழவா?” ஓடிப்போய் இரண்டு செங்கல் வாங்கி வந்து வைத்துவிட்டு மோகனாவை மீட்டேன். “அவுக இந்தப் படத்துல உட்டதுக்கு ஒரு வீடு வாங்கிருக்கலாம். ஆனாலும் நெனச்சு நெனச்சு சிரிப்பாக” என்றார். எதை நினைத்துச் சிரித்தாரோ, அது அவரோடு போயிற்று.

பிரின்ஸ் வைத்தியம் சொல்லியிருக்கிறார். கேசட்டைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த மல் துணிக்கு நடுவில் நாடாவை ஓடவிட்டு, ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குக் கையாலேயே சுற்ற வேண்டும். முறுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, மடங்கக் கூடாது. இருநூற்றைம்பது மீட்டர்! என் கை காபி டம்ளரை வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

மருது

*

சங்கரன்கோவில்
21.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போனில் கேட்டால் “நல்லாருக்கேன், வையி” என்கிறாய். கோபமாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஆள் கிடைத்துவிட்டது. தறித் தெருவில் பாலம்மாள், இருபத்தைந்து வருஷமாக ராட்டையில் நூல் சுற்றுகிறவர். நாடாவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது எத்தனாம் நம்பர் நூலு அண்ணாச்சி?” என்றார். “நூல் இல்லம்மா, பேய்.” “பேயோ பிசாசோ, சிக்கில்லாமச் சுத்தணும், அவ்வளவுதானே? தள்ளி உக்காருங்க, மூச்சு விடுதது நாடாவுல படுது.”

மூன்று மத்தியானம். அந்த அம்மாளின் விரலுக்கு நடுவே நாடா பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் துணி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைத் துணியெல்லாம் சாம்பலாய் வந்தது. மூன்றாம் நாள் முடிகிற நேரத்தில், எல்லாம் நல்லபடியாகப் போகிறதே என்ற தெம்பில் ஒரு டீ குடிக்கப் போனேன். அந்த டீயை நான் குடித்திருக்கக் கூடாது. திரும்பி வந்தால் பாலம்மாள் பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்.

“நடுவுல அறுந்துட்டு அண்ணாச்சி. முடிஞ்சிட்டேன்.”

முடிந்தே விட்டார், அக்கா! நூலுக்குப் போடுகிற முடிச்சு. கடுகளவு, இரும்பு மாதிரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் முழிக்கிய? இருவத்தஞ்சு வருசத்துல என் முடிச்சு ஒண்ணாச்சும் அவுந்திருக்கான்னு எந்தத் தறியில வேணாலும் போயிக் கேளுங்க” என்றார்.

பிரின்ஸிடம் போனில் சொன்னேன். “முடிச்சா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “முடிச்சா?” முடிச்சு மெஷினில் ஏறினால் மெஷின் காலியாம். வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றார். முடிச்சுக்கு இரண்டு பக்கமும் கசங்கியதையும் சேர்த்து ஒரு சாண் போயிற்று. ஒரு சாண் நாடா என்றால் ஒன்பது விநாடிப் படம்.

ஆனால் ஓடியது! நாகர்கோவிலில் பிரின்ஸ் வீட்டு டிவியில், முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு மோகனா எழுந்து வந்தாள். நான் அழுதேன். பேய்ப் படம் பார்த்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மருது

*

தாராவி, மும்பை
26.4.2025

மருதுக்கு,

நலம். அந்த ஒன்பது விநாடி எந்த இடம்? கிணற்றுப் படியில் ஏறி வந்து முடியை விலக்குகிற இடமா? உடனே எழுது.

அக்கா

*

சங்கரன்கோவில்
3.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் வந்தது. உனக்கு அப்படி ஒரு தபால் இருப்பதே தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஆமாம், அதே இடம்தான். பேய் கிணற்றுப் படியில் ஏறி வருகிறது, மேல் படியில் நிற்கிறது, முடியை விலக்கக் கையைத் தூக்குகிறது. அங்கே ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் கதாநாயகி மழையில் நனைகிறாள். (பேய் பழிவாங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவள் நனைந்துகொண்டுதான் இருக்கிறாள்.) பேய்க்கு முகம் தெரிகிறது படத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான். பாலம்மாள் முடிச்சு அதைத் தின்றுவிட்டது.

நான் எழுதாத காட்சி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பேயின் நடையை நாற்பது தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தோள் கொஞ்சம் தாழ்வு, கால் அகலமாய் ஊன்றி, எதையோ சுமந்து பழகின மாதிரி. நம் வீட்டு நடை, அக்கா. பொன்மணி எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன, உங்களை மாதிரி நடக்குது!” என்றாள். டைட்டிலில் பேயாக நடித்தவர் பெயர் இல்லை. அந்த ஆவணியிலேயே உன்னை மும்பைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் நான் கேட்கவில்லை.

நான் சேர்த்து வைத்திருக்கிற படங்களில் எத்தனையோ பேய்களைப் பார்த்துவிட்டேன். இதைப் போலப் பயம் காட்டின பேய் இல்லை. இது விமரிசகன் தீர்ப்பு, தம்பி தீர்ப்பு அல்ல.

மருது

*

தாராவி, மும்பை
12.5.2025

அன்புள்ள தம்பி மருதுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். முழங்கால் வலி இந்த வாரம் ஏனோ குறைந்திருக்கிறது. உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், சர்க்கரை போடாத லட்டு. பாலம்மாளுக்கும் பாதி கொடு. மறக்காமல் கொடு. அந்த அம்மாளைத் திட்டாதே. நூல் அறுந்தால் முடிய வேண்டும் என்றுதானே அவருக்குத் தெரியும்? முகம் போனால் போகிறது. பேய்க்கு எதற்கு முகம்?

நீ என்ன நினைக்கிறாயோ நினைத்துக்கொள். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஷூட்டிங்கை மட்டும் சொல்கிறேன். எல்லாம் பட்டப்பகலில் எடுத்தது. கேமரா கண்ணில் நீலக் கண்ணாடித் தாளை ஒட்டி, “இதான் அமாவாசை” என்றார் மன்சூர் அலி. ரத்தத்துக்கு வெல்லப் பாகில் குங்குமம். எறும்பு மொய்த்ததும், செத்துக்கிடந்தவன் எழுந்து ஓடினான். மண்டையோடு என்று சொன்னது சுண்ணாம்பு பூசின சுரைக்குடுக்கை. சாயங்காலம் அதை ஆடு தின்றுவிட்டது. கிணற்றுக் காட்சிக்கு அப்பா ஊர் ஜனத்தையெல்லாம் கம்பை ஓங்கி விரட்டிவிட்டார். இத்தனை வருஷத்தில் இதை நினைத்து நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

அக்கா

*

சங்கரன்கோவில்
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

லட்டு வந்தது. பாலம்மாள் தின்றுவிட்டு, “சீனி போட மறந்துட்டாவளோ?” என்று விசாரித்தார்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பிரின்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் நோட்டீஸே அடித்துவிட்டார்: “ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை பத்து மணி. மண்டையோட்டு மோகனா. மோகனாவாக: எஸ். சங்கரேஸ்வரி.” பொன்மணி நோட்டீஸை மூன்று தடவை படித்தாள். “நம்ம மதினியா?” என்றாள். மறுநாள் தெருவே விசாரிக்கிறது. பரணில் இருந்த கேசட்டெல்லாம் கீழே இறங்கி, கண்ணாடி அலமாரியில் அவளுடைய கல்யாணக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கின்றன. பேய் குடும்பத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் மரியாதை வந்துவிட்டது.

நீ வர வேண்டும். மேடையில் உனக்குப் பொன்னாடை உண்டு. இந்த வயசில் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

மருது

*

தாராவி, மும்பை
10.7.2025

தம்பி மருதுக்கு,

நோட்டீஸைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை. அதற்குள் பாண்டியராஜ் வாட்ஸப்பில் உலகத்துக்கே அனுப்பிவிட்டார். எங்கள் கட்டடத்தில் நாலு மாடியும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறது. பேத்தி, “ஆச்சி, ஒரு தடவ கத்திக் காமி” என்கிறாள். கத்தினேன். பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அத்தான் மட்டும் இரண்டு நாளாகக் கொஞ்சம் தள்ளிப் படுக்கிறார்.

டிக்கெட் போட்டாயிற்று, இருவரும் வருகிறோம். ஒன்று கேட்க வேண்டும். பனவடலிசத்திரத்திலிருந்து அந்தக் காலத்து ஆட்கள் யாராவது வருவார்களா? கேமராமேன் உயிரோடு இருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

*

சங்கரன்கோவில்
31.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? மேடை ஏறி இறங்கிய முழங்கால் என்ன சொல்கிறது?

இங்கே இன்னும் பேச்சு அடங்கவில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது நாற்காலி போட்டோம், நூற்றிருபது பேர். கேமராமேன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாயிற்று என்றதும் நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். பாவம், நல்ல மனசு உனக்கு. மோகனா படியேறி வந்தபோது கூடமே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. ஜுலைகா பீவி மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அவுக பாக்கலையே” என்று முணுமுணுத்தார். பாலம்மாள் வெட்டு வந்த இடத்தில் எழுந்து நின்று, “இங்கனதான் நான் முடிஞ்சேன்!” என்று அறிவித்ததற்கும் கைதட்டல்.

பொன்னாடை போர்த்தியதும் பிரின்ஸ் மைக்கைக் கொடுத்தாரே, நீ பேசாமல் இறங்கிவிடுவாய் என்று நினைத்தேன். தோளைச் சாய்த்து, காலை அகட்டி, மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாய் பார், அதற்கு விழுந்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் அதை எங்கே வைத்திருந்தாய்? வேறு இரண்டு ஊரிலும் படத்தைக் கேட்டிருக்கிறார்களாம். எங்களிடம் இருக்கிற மற்ற கேசட்டுக்கும் பாலம்மாளே துணி போடப் போகிறார். (முடிச்சுப் போடுவதில்லை என்று கையடித்துக் கொடுத்திருக்கிறார்.)

ஒன்றே ஒன்றுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது. அப்பா. சினிமா என்று வாய் திறந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாரே. இப்படி ஒரு திறமையை நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, உன்னை அவசர அவசரமாக ரயிலேற்றிவிட்டாரே. அவர் மேல் எனக்கு இதுவரை இல்லாத கோபம் வருகிறது. போன மாதம் திதிக்குக்கூட மனசில்லாமல்தான் உட்கார்ந்தேன்.

மருது

*

தாராவி, மும்பை
25.9.2025

அன்புள்ள தம்பி மருதுக்கு,

அனைவரும் நலம். பொன்னாடை பத்திரமாக பீரோவில் இருக்கிறது. தினம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

உன் கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

அப்பா மேல் கோபப்படாதே. என் கல்யாணம் அந்தச் சித்திரையிலேயே பேசி முடித்தது, அதற்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. கிணற்றுக் காட்சிக்கு வர வேண்டிய பெண் வரவில்லை. மன்சூர் அலி என்னைப் பார்த்து, “தங்கச்சி முடிய விரிச்சிட்டு ரெண்டு படி ஏறுனாப் போதும்” என்றார். எனக்கும் ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன். அப்பா குறுக்கே வந்து நின்றார். “நாளைக்குத் தாலி ஏறப்போற புள்ளைய முடிய விரிச்சுக் கெணத்துல எறக்கச் சொல்லுதீரா வே? என்னத்தப் பேசுதீரு?” மன்சூர் அலி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் அப்பா. பிறகுதான் கம்பை எடுத்து ஊர் ஜனத்தை விரட்டினார். ஒருத்தரும் இல்லை என்று ஆனதும், “அந்தச் சவுரி முடியக் கொண்டாரும்” என்றார்.

நீ நாற்பது தடவை ஓடவிட்டுப் பார்த்தது அப்பாவை. முதல் தடவையே நன்றாக வந்துவிட்டது. “இன்னொரு தரம் எடுப்பமா வே?” என்று கேட்டது அவர்தான்.

அப்புறம் என் கையில் கோவில் புற்றுமண்ணைக் கொடுத்து, “என் உசுரு இருக்க வரைக்கும் வாயத் தொறக்கப்படாது” என்று சத்தியம் வாங்கினார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சத்தியம் அவர் காலத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டது. மேடையில் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன். நூற்றிருபது பேர் கை தட்டுகிறார்கள், மருது. எனக்கென்று யாரும் கை தட்டினதில்லை. சொல்ல வாய் வரவில்லை, கால்தான் வந்தது.

பிரின்ஸிடம் நீயே சொல்லிவிடு. பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிடு. பொன்மணிக்கு என் அன்பு.

அக்கா,
சங்கரேஸ்வரி

பி.கு. நம்பிக்கை இல்லாவிட்டால் என் கல்யாண ஆல்பத்தைப் பார், உன் வீட்டில்தான் இருக்கிறது. படம் எடுத்து இருபதாம் நாள் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்கிற போட்டோவில் அப்பாவுக்கு மீசை பாதிதான் முளைத்திருக்கும்.